பழைய பைத்தான் நிரல் புது பைத்தானில் ஓடவில்லையா? பழுதுபார்க்க ஒரு முழு வழிகாட்டி

அத்தைக்கு முழங்கால் வலி வந்து தரையில் உட்கார முடியாமல் போன 2014-இல், லேப்டாப்பில் ஆடுவதற்காக அவருக்கு ஒரு பல்லாங்குழி எழுதிக் கொடுத்தேன். பைத்தான் 2.7, படம் காட்ட பைகேம், மொத்தம் எண்ணூறு வரி இருக்கும். பத்து வருடம் அது பாட்டுக்கு ஓடியது. லேப்டாப்பை மாற்றி உபுண்டு 24.04 போட்ட அன்று நின்றுவிட்டது. ஐகானை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை. டெர்மினலில் ஓட்டினால் பைத்தான் என்று ஒரு கட்டளையே இல்லை என்றது. பைத்தான்3 என்று மாற்றி ஓட்டினால் பிரிண்ட் வரியிலேயே சின்டாக்ஸ் எரர்.

நிரலில் நான் கை வைத்து வருடக்கணக்காகிறது. அதை ஓட்டுகிற பைத்தான்தான் அடியில் மாறியிருந்தது. இப்படி நின்றுபோன சொந்த நிரல் ஒன்று உங்களிடமும் இருந்தால் எந்த வரிசையில் பழுதுபார்ப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை. வரிசை முக்கியம். நான் முதல் தடவை வரிசை தப்பி இரண்டு வார இறுதிகளை வீணாக்கினேன். கட்டளைகளையும் ஃபங்ஷன் பெயர்களையும் இங்கே ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

ஏன் உடைகிறது

இரண்டு விதமான உடைப்பு உண்டு. ஒன்று பெரிய உடைப்பு. 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3.0, பழையதோடு ஒத்துப்போகாது என்று தெரிந்தே செய்யப்பட்டது. 2.7-க்கு 2020 ஜனவரி 1 வரை கெடு கொடுத்தார்கள், 2.7.18 என்ற கடைசி வெளியீடு அந்த ஏப்ரலில் வந்தது. அதோடு சரி.

இன்னொன்று வருடா வருடம் நடக்கிற சின்ன உடைப்பு. 3.9-இலிருந்து ஒவ்வொரு அக்டோபரிலும் ஒரு புதுப் பதிப்பு வருகிறது. நீக்கப்போவதைக் குறைந்தது இரண்டு பதிப்புகளுக்கு முன்பே எச்சரிக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. எச்சரிக்கிறார்கள்தான். ஆனால் அந்த எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை சாதாரணமாக ஓட்டும்போது திரையில் வராது, கேட்டால்தான் காட்டும். பொழுதுபோக்காக எழுதுகிறவர் யார் போய்க் கேட்கப் போகிறார்? ஆகவே நமக்கு எல்லாமே திடீரென்று நடந்ததாகத் தெரிகிறது.

கை வைக்கும் முன்

முழு ஃபோல்டரையும் அப்படியே பிரதி எடுங்கள், தேதிகள் மாறாதபடி. லினக்ஸில் சிபி கட்டளையோடு ஹைஃபன் ஏ சேர்த்தால் தேதிகள் காப்பாற்றப்படும். பின்னால் அந்தத் தேதிகள் தேவைப்படும். நிரல் எழுதி வைக்கிற கோப்புகளை மறந்துவிடாதீர்கள்: ஆட்டக் கணக்கு, செட்டிங்ஸ், எங்கோ ஹோம் ஃபோல்டரில் ஒளிந்திருக்கும், பெயர் புள்ளியில் தொடங்கும் கோப்பு. என் அத்தையின் பத்து வருட வெற்றி தோல்விக் கணக்கு அப்படி ஒரு கோப்பில்தான் இருந்தது. விளையாட்டு போனால்கூட மன்னிப்பார், அது போனால் மாட்டார்.

ஒரு பிரதியை பென்டிரைவில் போட்டுவிட்டு, மற்றதில் கிட் (மாற்றங்களைப் படிப்படியாகப் பதிந்து வைக்கும் கருவி) தொடங்கி, ஒன்றும் மாற்றாமல் முதல் கமிட், அதாவது முதல் பதிவு, செய்யுங்கள்.

கடைசியாக எந்தப் பதிப்பில் ஓடியது?

ஞாபகத்தை நம்ப வேண்டாம், தடயம் இருக்கிறது. ஃபோல்டருக்குள் பைகேஷ் என்ற உள் ஃபோல்டர் இருந்தால் திறந்து பாருங்கள். அதிலுள்ள கோப்புகளின் பெயரிலேயே சிபைத்தான்-36, சிபைத்தான்-38 என்று இருக்கும். 3.6, 3.8 என்று படித்துக்கொள்ள வேண்டியதுதான். அந்த ஃபோல்டர் இல்லாமல், பிஒய்சி என்று முடியும் கோப்புகள் மூலக் கோப்புகளின் பக்கத்திலேயே கிடந்தால் அநேகமாகப் பைத்தான் 2.

அதுவும் இல்லையென்றால் நிரலையே படியுங்கள். பிரிண்ட்டுக்கு அடைப்புக்குறி இல்லை என்றால் 2. மேற்கோள் குறிக்கு முன்னால் எஃப் ஒட்டியிருந்தால் 3.6 அல்லது அதற்குப் பிந்தையது. முக்காற்புள்ளியும் சமக்குறியும் ஒட்டிய குறி இருந்தால் 3.8-க்கு முந்தியதாக இருக்க முடியாது. மேட்ச், கேஸ் என்று பிரித்திருந்தால் 3.10 தொட்டு மேலே.

கோப்பின் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். 2019 மார்ச்சில் கடைசியாகத் திருத்திய நிரல், அன்றைக்கு வந்திருந்த லைப்ரரிகளோடுதான் பேசிக்கொண்டிருந்தது. பைத்தான் லைப்ரரிகளின் பொதுக் கிடங்கான பைபிஐ தளத்தில் ஒவ்வொரு லைப்ரரிக்கும் வெளியீட்டு வரலாறு தேதியோடு இருக்கிறது. அதை வைத்து அன்றைய பதிப்பு எண்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளலாம்.

முதலில் பழைய இடத்திலேயே ஓட வையுங்கள்

எல்லோரும் தாண்டிப்போகிற படி இது. நானும் தாண்டினேன். புது பைத்தானில் ஒவ்வொரு எரராகத் திருத்திக்கொண்டே போனேன். கடைசியில் ஓடியது, ஆனால் சரியாகத்தான் ஓடுகிறதா என்று சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்கப் பழையது ஒன்று உயிரோடு இருக்க வேண்டும்.

விண்டோஸில் இது சுலபம். 2.7.18-இன் இன்ஸ்டாலர் பைத்தானின் அதிகாரபூர்வ தளத்தில் இன்னும் கிடைக்கிறது, புதியதோடு சண்டை போடாமல் பக்கத்தில் உட்காரும். பிஒய் என்ற லாஞ்சர் கட்டளையோடு ஹைஃபன் 2.7 என்றோ ஹைஃபன் 3.12 என்றோ கொடுத்து வேண்டியதைக் கூப்பிடலாம்.

லினக்ஸில், 3.8 அல்லது அதற்கு மேற்பட்டதுதான் வேண்டும் என்றால் யூவி என்ற கருவி ஒரே வரியில் இறக்கித் தரும். அதில் எனக்குப் பிடித்த வசதி ஒன்று: எக்ஸ்க்ளூட்-நியூவர் என்று சொல்லி ஒரு தேதியைக் கொடுத்தால், அந்தத் தேதிக்குப் பிறகு வந்த எந்த லைப்ரரி பதிப்பையும் எடுக்காது. மேலே எழுதிவைத்த தேதி இங்கே கை கொடுக்கும். 2.7 தான் வேண்டும், திரையில் ஜன்னல் எதுவும் திறக்காது என்றால் டாக்கரில் (நிரலைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) அதற்கான இமேஜ் இன்னும் இருக்கிறது. ஜன்னல் திறக்கிற விளையாட்டு என்றால் டாக்கரோடு மல்லுக்கட்டாதீர்கள். கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் வர்ச்சுவல்பாக்ஸில் 2019-இல் வந்த டெபியன் 10-ஐப் போடுங்கள். அதில் பைத்தான் 2-ம் அதற்கான பைகேமும் உண்டு. ஆதரவு முடிந்த சிஸ்டம் என்பதால், தேவையான பேக்கேஜ்களை டெபியனின் பழைய கிடங்கிலிருந்து இறக்கியதும் நெட்டைத் துண்டித்துவிடுங்கள்.

லைப்ரரிகளை நிறுவும் கருவியான பிப் பற்றி ஒரு சொல். பைத்தான் 2.7-ஐ ஆதரித்த கடைசி வரிசை 20.3; பிப் 21 அதைக் கைவிட்டது. 2.7-க்குள் இருக்கும் பிப்பை ஆர்வக்கோளாறில் அப்டேட் செய்யப் போகாதீர்கள்.

பழையது செய்வதைப் பதிவு செய்யுங்கள்

ஓடிவிட்டதா? இப்போது அதன் நடத்தையை எழுதி வாங்க வேண்டும். பல்லாங்குழியில் இது எனக்கு எளிதாக அமைந்தது. இரண்டு வரிசை, வரிசைக்கு ஏழு குழி, குழிக்கு ஐந்து சோழி, மொத்தம் 70. எங்கள் வீட்டு ஆட்டத்தில், நிரம்பிக்கொண்டே வரும் குழியில் நான்கு சேர்ந்தால் அது பசு. அந்தப் பக்கத்துக்காரர் எடுத்துக்கொள்வார். எந்தக் குழியை எடுப்பது என்று நாற்பது நகர்வுகளை ஒரு கோப்பில் எழுதி, ஒவ்வொரு நகர்வுக்குப் பிறகும் பதினான்கு குழிகளின் எண்ணிக்கையையும் இருவர் கையிருப்பையும் ஒரு வரியாக அச்சிடச் செய்தேன். அதற்காகச் சேர்த்தது ஆறு வரிதான். வந்த வெளியீடு ஒரு டெக்ஸ்ட் கோப்பு. இனி என்ன மாற்றினாலும் அதே நாற்பது நகர்வுகளை ஓட்டி, இரண்டு கோப்புகளையும் டிஃப் கட்டளையால் ஒப்பிட்டால் போதும்.

உங்கள் நிரல் வேறாக இருக்கலாம். செலவுக் கணக்கு என்றால் ஒரு வருடத்தின் மொத்தங்கள். படங்களைச் சுருக்கும் நிரல் என்றால் பத்துப் படங்களின் அளவுகள். எது வந்தாலும் குலுக்கல் கலக்கக் கூடாது. ரேண்டம் உள்ள நிரலில் சீட் என்ற தொடக்க எண்ணை நிலையாக வைத்தால் தப்பித்துவிடலாம் என்று நினைப்போம். அதே சீடுக்கு 2.7-ம் 3-ம் ராண்டின்ட், சாய்ஸ் போன்றவற்றில் வேறு வேறு எண்களைத் தரும், ஏனென்றால் 3.2-இல் அந்தக் கணக்கு முறையே மாறியது. ஒப்பிடும் ஓட்டத்துக்கு எண்களைக் கோப்பிலிருந்து படிக்க விடுங்கள்.

எரரைக் கீழிருந்து படியுங்கள்

பைத்தான் கொட்டும் நீளமான டிரேஸ்பேக்கைப் பார்த்து மிரள வேண்டாம். கடைசி வரிதான் விஷயம்: எரரின் வகை, காரணம். அதற்கு மேலே உள்ள வரிகளில் கோப்பின் பாதை இருக்கும். கடைசிப் பாதை உங்கள் ஃபோல்டரில் இருக்கிறதா, லைப்ரரிகள் நிறுவப்படும் சைட்-பேக்கேஜஸ் என்ற இடத்துக்குள் இருக்கிறதா என்பதை மட்டும் முதலில் பாருங்கள். உங்கள் ஃபோல்டர் என்றால் திருத்த வேண்டியது நீங்கள் எழுதியது. சைட்-பேக்கேஜஸ் என்றால் பெரும்பாலும் லைப்ரரி பழசு. அதன் உள்ளே போய்த் திருத்தினால் அடுத்த நிறுவலில் அழிந்துபோகும்.

மாட்யூல் கிடைக்கவில்லை என்று சொன்னால் இரண்டு காரணம் இருக்கலாம். நிறுவாமல் விட்டிருக்கலாம், அல்லது பைத்தானோடு கூடவே வந்துகொண்டிருந்த மாட்யூலை இப்போது எடுத்திருக்கலாம். பின்னதற்குப் பிப் இன்ஸ்டால் என்று அதே பெயரைக் கொடுத்து நிறுவப் பார்க்காதீர்கள். அதே பெயரில் யாரோ போட்டுவைத்த சம்பந்தமில்லாத ஒன்று வந்து சேரக்கூடும்.

பாலம் தேடி, ஒவ்வொரு படியாக

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பைத்தானையும் பைகேமையும் என் நிரலையும் ஒரே நாளில் மாற்றினால், தப்பு எதில் என்று கண்டுபிடிக்க சோழி குலுக்கிப் பார்க்க வேண்டியதுதான்.

அதற்கு உதவுவது பாலம் போன்ற பதிப்பு: பழைய ரன்டைமிலும் (நிரலை ஓட்டும் பைத்தானிலும்) ஓடும், புதியதிலும் ஓடும் லைப்ரரி. 2020 அக்டோபரில் வந்த பைகேம் 2.0 அப்படிப்பட்டது, 2.7-இலும் ஓடும். ஆகவே முதலில் பழைய பைத்தானிலேயே பைகேமை 1.9-இலிருந்து 2.0-க்கு ஏற்றினேன். நாற்பது நகர்வுகளை ஓட்டி ஒப்பிட்டேன், கமிட் செய்தேன். அதற்குப் பிறகுதான் பைத்தானைத் தொட்டேன்.

2.7-இல் இருக்கும்போதே செய்யக்கூடியது இன்னும் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. பைத்தான் 2.7-ஐ ஹைஃபன் 3 என்ற கொடியோடு (கட்டளையோடு சேர்த்து அடிக்கும் குறிப்பு) ஓட்டினால், 3-இல் உடையப்போகும் பல இடங்களை ஓடும்போதே சொல்லும். ஹைஃபன் க்யூவார்ன் (க்யூ மட்டும் பெரிய எழுத்து) என்ற கொடி, முழு எண்ணை முழு எண்ணால் வகுக்கும் ஒவ்வொரு இடத்திலும் எச்சரிக்கும். ஹைஃபனோடு இரண்டு டி போட்டால் டேபும் ஸ்பேஸும் கலந்த வரிகளைப் பிடித்துத் தரும். என் நிரலில் வகுத்தல் மட்டும் ஒன்பது இடத்தில் சிக்கியது.

நிரல் 3.6-இல் ஓடிக்கொண்டிருந்தது என்றால் கதை வேறு. 3.8, 3.10, 3.12 என்று ஏறுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஹைஃபன், பெரிய எழுத்து டபிள்யூ, டீஃபால்ட் என்ற கொடியோடு ஓட்டினால் மறைந்திருந்த எச்சரிக்கைகள் திரைக்கு வரும். அடுத்த பதிப்புகளில் எங்கே அடி விழும் என்ற பட்டியல் அதுதான். 3.6-இலிருந்து நேராக 3.13-க்குக் குதித்தால் எச்சரிக்கைகள் எதுவும் கிடைக்காது, எரர் மட்டும்தான் கிடைக்கும்.

2-இலிருந்து 3-க்கு: சத்தம் போட்டு உடைபவை

இவற்றைப் பற்றிக் கவலையே வேண்டாம். பிரிண்ட்டுக்கு அடைப்புக்குறி, எக்ஸ்ரேஞ்ச் போய் ரேஞ்ச், ரா இன்புட் போய் இன்புட், டிக்‌ஷனரியின் ஹேஸ்-கீ போய் இன், எக்ஸெப்ட்டில் காற்புள்ளி போய் ஆஸ், டிகின்டரின் முதலெழுத்து சின்னதானது. 2டு3 என்ற கருவி இவை அத்தனையையும் தானே திருத்தும். சும்மா ஓட்டினால் என்ன மாற்றப்போகிறது என்று காட்டும்; ஹைஃபனோடு சின்ன எழுத்து டபிள்யூ கொடுத்தால்தான் எழுதும். பைத்தான் 3.13-இல் அந்தக் கருவியையே எடுத்துவிட்டார்கள் என்பதால், 3.12 அல்லது அதற்கு முந்தியதில் வைத்து ஓட்டுங்கள்.

ஓட்டி முடித்ததும் நிரலை அழகுபடுத்தும் ஆசை வரும். பத்து வருடத்துக்கு முன் நாம் எழுதியதைப் பார்த்தால் கூச்சமாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். இப்போதைக்கு ஓடினால் போதும்.

சத்தமில்லாமல் தப்பாகிறவை

உங்கள் நேரத்தில் பாதியை இங்கே செலவிடுங்கள். எரர் கொடுக்கும் தவறு நல்ல தவறு.

வகுத்தலை எடுத்துக்கொள்வோம். பைத்தான் 2-இல் 32-ஐ 5-ஆல் வகுத்தால் 6. பைத்தான் 3-இல் 6.4. பல்லாங்குழியில் முதல் ஆட்டம் முடிந்ததும் கையிலுள்ள சோழிகளைக் குழிக்கு ஐந்தாக நிரப்புவோம், நிரப்ப முடியாத குழி மூடப்படும். 38 எடுத்தவர் ஏழு குழியும் நிரப்பி மூன்றை மிச்சம் வைப்பார். 32 எடுத்தவர் ஆறு குழிதான் நிரப்பலாம், ஒரு குழி மூடல். என் நிரலில் குழி எண் பூஜ்யத்தில் தொடங்கி, அந்த எண் 32 வகுத்தல் 5-ஐ விடச் சின்னதாக இருந்தால் குழி திறந்திருக்கும் என்று எழுதியிருந்தேன். பைத்தான் 2-இல் 6 என்பது 6-ஐ விடச் சின்னதல்ல, ஏழாவது குழி மூடும். பைத்தான் 3-இல் 6 என்பது 6.4-ஐ விடச் சின்னது. ஏழாவது குழி இரண்டே சோழிகளோடு திறந்துகொண்டது. எரர் இல்லை, நிரல் நிற்கவில்லை, தோற்றவருக்கு ஒரு குழி இலவசம். டிஃப் ஓட்டியதால்தான் பிடிபட்டது. திருத்தம் ஒரே எழுத்து: சாய்கோட்டை இரட்டைச் சாய்கோடாக்க வேண்டும். ஆனால் எல்லா இடத்திலும் மாற்றிவிடாதீர்கள். சராசரி கணக்கிடும் இடத்தில் தசமம்தான் சரி.

ரவுண்ட் ஃபங்ஷனும் மாறியிருக்கிறது. 2.5-ஐ முழுதாக்கச் சொன்னால் பைத்தான் 2 மூன்று என்றது. பைத்தான் 3 இரண்டு என்கிறது. சரிபாதியில் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குத் தள்ளுவது இப்போதைய முறை. பைசாவைக் கூட்டும் செலவுக் கணக்கில் இது மாதக் கடைசியில் தெரியும்.

மேப், ஃபில்டர், ஜிப் மூன்றும் முன்பு பட்டியலைக் கொடுத்தன. இப்போது ஒருமுறை மட்டும் சுற்றி வரக்கூடிய ஒன்றைத் தருகின்றன. முதலில் கூட்டல் போட்டால் சரியான விடை. அதையே மறுபடி திரையில் காட்டப் போனால் காலி. பழைய மதிப்பெண் திரை வெறுமையாக இருந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். லிஸ்ட் என்று சுற்றிவிட்டால் தீர்ந்தது.

பைட்ஸும் ஸ்டிரிங்கும் சமமா என்று கேட்டால், உள்ளே ஒரே எழுத்து இருந்தாலும் பைத்தான் 3 இல்லை என்று மட்டும் சொல்லும், சண்டைக்கு வராது. சீரியல் போர்ட்டிலிருந்து படிக்கிற ஆர்டுயினோ நிரல்களில் இது சகஜம்: கருவி ஓகே என்று அனுப்பிக்கொண்டே இருக்கும், நிரல் காத்துக்கொண்டே இருக்கும். ஹைஃபனோடு இரண்டு பி போட்டு ஓட்டினால் இப்படிப்பட்ட ஒப்பீடுகள் எரராக மாறும்.

தமிழ் எழுத்து

தமிழ் சேர்த்து எழுதிய பழைய நிரல்களுக்கு இது தனிப் பாடு. பசு என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தான் 2-இன் சாதாரண ஸ்டிரிங்கில் கேட்டால் 9 வரும், எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் என்பதால். பைத்தான் 3-இல் கேட்டால் 3: ப, ச, உகரக் குறி. நமக்குத் தெரிவதோ இரண்டு எழுத்து. ஒன்பது என்று வந்ததை நம்பி இடைவெளி விட்டு வரிசைப்படுத்திய அட்டவணைகள் எல்லாம் 3-இல் கோணிக்கொள்ளும். எழுத்துக் கணக்கே முக்கியமான நிரல் (குறுக்கெழுத்து, சொல் விளையாட்டு) என்றால், ஓப்பன்-தமிழ் என்ற திறமூல லைப்ரரி எழுத்தாகப் பிரித்துத் தரும். யூனிகோடுக்கு முந்தைய டிஸ்கியில் சேமித்த கோப்புகளை மாற்றவும் அதில் வழி உண்டு.

கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு இடத்திலும் என்கோடிங் யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாக எழுதுங்கள். லினக்ஸில் எழுதாவிட்டாலும் பெரும்பாலும் ஓடும். அதே நிரலை விண்டோஸில் ஓட்டினால் அந்தக் கணினியின் உள்ளூர் என்கோடிங்கில் படித்து, தமிழ் இருக்கும் இடத்தில் குப்பையைக் காட்டும், இல்லையென்றால் நிற்கும். 3.15-இலிருந்து யூடிஎஃப்-8 தான் இயல்பு என்று முடிவாகியிருக்கிறது. அதுவரை கையால் எழுதுவதே பாதுகாப்பு.

பைகேம் பழைய பதிப்புகளில் கொம்பையும் காலையும் சரியான இடத்தில் வரையாது என்பதால், 2014-இல் நான் தமிழ்ச் சொற்களைப் படமாகவே வரைந்து வைத்திருந்தேன். சோம்பேறித்தனம் என்று அப்போது நினைத்தேன். பத்து வருடத்தில் எந்த அப்டேட்டாலும் உடையாத ஒரே பகுதி அதுதான்.

பழைய சேமிப்புக் கோப்பு

பைத்தானின் சொந்தச் சேமிப்பு முறையான பிக்கிளில் சேமித்த கோப்பு 3-இல் இரண்டு இடத்தில் இடறும். முதலில், கோப்பை ஆர்பி என்று பைனரியாகத் திறக்க வேண்டும். பழைய நிரல்களில் வெறும் ஆர் இருந்தே ஓடியிருக்கும். இரண்டாவது, பைத்தான் 2-இன் ஸ்டிரிங்குகளை 3 ஆஸ்கி (ஆங்கில எழுத்துகளுக்கான குறியீடு) என்று நினைத்துக்கொள்ளும், ஒரு தமிழ்ப் பெயர் உள்ளே இருந்தால் அங்கேயே யூனிகோட் எரர். லோட் செய்யும்போது என்கோடிங் யூடிஎஃப்-8 என்று சேர்த்துக் கொடுங்கள். அதன் பிறகு உடனே ஜேசன் என்ற டெக்ஸ்ட் வடிவில் எழுதி வைத்துவிடுங்கள். ஜேசன் கோப்பைக் குறிப்பேட்டில் திறந்துகூடப் படிக்கலாம். அதோடு, பிக்கிள் கோப்புக்குள் நிரல் ஓட வைக்கும் கட்டளைகளை ஒளிக்க முடியும் என்பதால் அடுத்தவர் தந்த பிக்கிளைத் திறக்கவே கூடாது.

3-க்குள்ளேயே காணாமல் போனவை

பொழுதுபோக்கு நிரல்களில் நான் அடிக்கடி பார்ப்பவற்றை மட்டும் சொல்கிறேன். 3.7-இல் அசிங்க் என்பது ஒதுக்கப்பட்ட சொல்லானது. அந்தப் பெயரில் மாறி வைத்திருந்தால் சின்டாக்ஸ் எரர். 3.8-இல் டைம் மாட்யூலின் கிளாக் போனது. நேரம் அளக்க பெர்ஃப்-கவுன்ட்டர் போடுங்கள் (நடுவில் அடிக்கோடு). 3.10-இல் கலெக்‌ஷன்ஸில் நேரடியாகக் கிடைத்த மேப்பிங், இட்டரபிள் போன்றவை ஏபிசி என்ற உள் மாட்யூலுக்குள் மட்டும் இருக்கின்றன. அதே 3.10-இல், முழு எண் கேட்கும் பல உள் ஃபங்ஷன்கள் தசம எண்ணை வாங்க மறுத்தன. ஜன்னலின் நடுப்புள்ளியை வகுத்துக் கண்டுபிடிக்கும் படம் வரையும் நிரல்கள் இங்கே விழுந்தன. 3.12-இல் டிஸ்ட்யூட்டில்ஸும் இம்ப்பும் போயின. 3.13-இல் ஒரே வீச்சில் பத்தொன்பது மாட்யூல்கள்: சிஜிஐ, டெல்நெட்லிப், ஆடியோஆப் எல்லாம் அந்தக் கூட்டத்தில். ஆடியோஆப் மட்டும் வேண்டுமென்றால் ஆடியோஆப்-எல்டிஎஸ் என்ற பெயரில் பைபிஐயில் கிடைக்கிறது.

லைப்ரரிகளில் இரண்டு. நம்பை 1.24-இல் நம்பையின் ஃப்ளோட், இன்ட் என்ற பெயர்கள் நீக்கப்பட்டன. பைத்தானின் சொந்த ஃப்ளோட்டையும் இன்ட்டையும் போட்டால் சரி. பில்லோ 10-இல் ஆன்ட்டிஅலியாஸ் போய் லான்சோஸ் என்ற பெயர் மட்டும் நின்றது. இரண்டும் ஒரே ஒரு சொல்லை மாற்றும் வேலை.

இப்படிக் காணாமல் போன ஒரு பெயர், உதாரணமாக கிளாக், உங்கள் நிரலில் இல்லாமல், யாரும் பராமரிக்காத ஒரு லைப்ரரியின் உள்ளே இருந்தால் ஒரு குறுக்கு வழி உண்டு. உங்கள் முதல் கோப்பில், அந்த லைப்ரரியை இம்போர்ட் செய்வதற்கு முன்பே, டைம் மாட்யூலின் கிளாக் என்ற பெயருக்குப் பெர்ஃப்-கவுன்ட்டரை ஒதுக்கிவிடுங்கள். லைப்ரரி தேடும்போது பெயர் இருக்கும். ஒட்டுப்போட்ட வேட்டிதான், ஆனால் வீட்டுக்குள் கட்டிக்கொள்ளலாம்.

புது சிஸ்டத்தில் குடியேற்றுவது

டெபியன் 12, உபுண்டு 23.04 தொட்டு, சிஸ்டத்தின் பைத்தானில் பிப் இன்ஸ்டால் செய்தால் இந்தச் சூழலை வெளியிலிருந்து நிர்வகிக்கிறார்கள் என்று தடுக்கும். ராஸ்பெரி பையிலும் டெபியன் 12-ஐ ஒட்டிய பதிப்பில் இதே கதை. அந்த எரரே கீழே ஒரு கொடியையும் சொல்லும்: பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ். பெயரிலேயே விஷயம் இருக்கிறது, போடாதீர்கள். நிரலின் ஃபோல்டருக்குள் வீஎன்வ் கொண்டு ஒரு தனிச் சூழல் உருவாக்கி, அதற்குள் நிறுவுங்கள். 3.12-இலிருந்து இப்படி உருவாக்கும் சூழலில் செட்டப்டூல்ஸ் கூட வராது. பழைய லைப்ரரி அதைக் கேட்டால் தனியாக நிறுவ வேண்டும்.

பைகேமுக்கு 2023-இல் பிரிந்து வளர்ந்த பைகேம்-சிஇ என்ற கிளையும் உண்டு, புது பைத்தான்களுக்கு நான் அதைத்தான் போடுகிறேன். ஆனால் இரண்டும் ஒரே பெயரில் இம்போர்ட் ஆவதால் முதலில் பைகேமை நீக்கிவிட்டுத்தான் சிஇயை நிறுவ வேண்டும்.

எல்லாம் ஓடியதும் பிப் ஃப்ரீஸ் எழுதித் தரும் பதிப்பு எண்களை ஒரு கோப்பில் சேமித்து, பைத்தானின் பதிப்பையும் மேலே ஒரு வரி எழுதி கமிட் செய்யுங்கள். ஐகான் அழைக்கும் கட்டளையை அந்தத் தனிச் சூழலின் பைத்தானுக்கு முழுப் பாதையோடு மாற்ற மறக்காதீர்கள். அதை மறந்து, எல்லாம் சரியான பிறகும் ஒரு மாலை முழுக்கத் தேடினேன்.

விட்டுவிடலாமா?

சில நிரல்களைத் திருத்தாமல் விடுவதே புத்திசாலித்தனம். நெட்டைத் தொடாமல், வருடத்துக்கு இரண்டு தடவை ஓடுகிற ஒன்று என்றால், பழைய ரன்டைமோடு வர்ச்சுவல் மெஷினில் பூட்டி வைத்துவிடுங்கள். நெட்டைத் தொடுவது என்றால் அந்தச் சலுகை கிடையாது. 2.7.9-க்கு முந்தைய பைத்தான் 2.7, பாதுகாப்பான இணைப்பு என்று சொல்லிக்கொண்டே எதிரே இருக்கும் சர்வரின் சான்றிதழைச் சரிபார்க்காமல்தான் பேசியது. அப்படி ஒன்றை இன்று வெளியே விடக்கூடாது.

என் பல்லாங்குழி 3.12-இல் நாற்பது நகர்வுகளையும் டிஃப்பில் ஒரு வித்தியாசமும் இல்லாமல் முடித்தது. அப்போதுதான் இரண்டு கோப்புகளிலும், பழையதிலும் புதியதிலும், கடைசிச் சில வரிகளைக் கூட்டிப் பார்த்தேன். 70 வர வேண்டிய இடத்தில் 69. கடைசி நகர்வில் கையில் எஞ்சும் ஒற்றைச் சோழியை 2014-இலேயே நான் எங்கும் சேர்க்காமல் விட்டிருக்கிறேன். “ஒரு சோழி குறையுதுடா” என்று அத்தை அந்த வருடமே சொன்னார். கண்ணாடியை மாற்றச் சொன்னேன். ரன்டைம் மாற்றத்தை கமிட் செய்து முடித்துவிட்டு, அந்தச் சோழியைத் தனி கமிட்டாகப் போட்டேன்.